மஞ்சள் நூல் கட்டிய போத்தல்

என் மேசை இழுப்பறையில் ஒரு ஸ்லைடு இருக்கிறது. வெள்ளை அட்டைச் சட்டத்துக்குள், தபால்தலையைவிடச் சற்றே பெரிய ஒரு படத்துண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தால் ஒரு கண்ணாடிப் போத்தல் தெரியும். அதில் முக்கால் பங்கு வெளிறிய பால் நிறத் திரவம். போத்தலின் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்ட மஞ்சள் நூல். போத்தலைப் பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் நான்கு விரல்கள். முகம் இல்லை. இடது ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று மங்கித் தெரியும். இந்தப் படத்தைத் திரையில் காட்டி, பல ஊர்களில், பல நாட்டு மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் பதினைந்து ஆண்டுகள் பாடம் நடத்தினேன். நான் நடத்திய பாடம் பொய். அதை எழுதி வைக்கவே உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த விரல்கள், நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிட்ட ஒரு சமையலறை ஊழியருடையவை. எண்பதுகளின் தொடக்கத்தில், மலாய்த் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் உணவியல் அதிகாரியாக இருந்தேன். எந்த நோயாளிக்கு என்ன உணவு, எவ்வளவு, எந்தப் பதத்தில் என்று கணக்கிட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. விழுங்க முடியாதவர்களுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில் உணவு விடுவோம். இப்போது அந்த உணவு டின்னில் வருகிறது. அப்போது சமையலறையின் பின்னறையில் சோறு, கோழி, முட்டை, கேரட் எல்லாவற்றையும் வேகவைத்து, பால்மாவும் எண்ணெயும் சேர்த்து அரைத்து, மல்துணியில் இருமுறை வடித்து, போத்தல்களில் நிரப்ப வேண்டும். அதைச் செய்தவர் அக்கா. அக்கரையில் சுங்கை பாக்காப்பில் வீடு. விடியுமுன் பஸ் பிடித்து பட்டர்வொர்த் வந்து, ஃபெரியில் கடலைத் தாண்டி, ஆறு மணிக்குள் அடுப்படியில் நிற்பார். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆறு வகுப்புத் தமிழ் படித்தவர். மலாய் பேசுவார், ஆங்கிலம் தெரியாது. பயன்படுத்தாத குழாய் ஒன்றை ஆணியில் தொங்கவிட்டிருப்பார். ஒவ்வொரு நாளும் அரைத்ததை முதலில் அதில் ஊற்றிப் பார்த்து, நூறு எண்ணுவதற்குள் இறங்கினால்தான் போத்தலில் நிரப்புவார். இந்தச் சோதனையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் அது அப்போது இல்லை.

சமையலறைக்குத் தலைவர் ஒரு மலாய்க்காரர். எல்லாரும் பாக்சிக் என்போம், மலாயில் மாமா. காலை பத்து மணிக்கு அவர் ஆற்றித் தரும் தேநீருக்காகவே நான் பின்னறைக்குப் போவேன். அந்தப் பதினைந்து நிமிடம் அக்காவும் அவரும் ஒருவரை ஒருவர் மலாயில் சீண்டிக்கொள்வதைக் கேட்பது எனக்கு அந்த ஆஸ்பத்திரியிலேயே பிடித்தமான நேரம்.

ஒரு வருடம் எங்கள் யாழ்ப்பாணத்துச் சமூகத்தின் பெரியவர் ஒருவர் வாதத்தால் விழுந்து ஆண்கள் வார்டுக்கு வந்தார். ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் சங்கத்தின் செயலாளர். நான் வெளிநாடு போய்ப் படிக்கச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர். அவரால் பேச முடியவில்லை, விழுங்க முடியவில்லை. குழாய் போட்டார்கள். இரண்டாம் நாள் அவர் மனைவி, நான் மாமி என்று கூப்பிடுபவர், என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி, இவர் பிறந்ததிலையிருந்து முட்டை மணம்கூட அறியாத மனுசன். வாயாலை போனா என்ன, மூக்காலை போனா என்ன, வயிறு ஒண்டுதானே? நீங்கள் எங்கடை ஆள் எண்டுதான் உங்களிட்டைக் கேக்கிறன். டொக்டரிட்டை நான் என்னெண்டு கேக்கிறது?"

அன்று காலைதான் ஒரு கோப்பிக்கடையில் இரண்டு அரைவேக்காட்டு முட்டையை நான் குடித்துவிட்டு வந்திருந்தேன். ஆனாலும் மாமியிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முறைப்படி செய்வதாக இருந்தால், சைவ உணவுக்கு ஒரு புதிய குறிப்பு எழுதி வார்டுக்குப் பொறுப்பான நிபுண மருத்துவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சில மாதங்களுக்கு முன் வேறொரு நோயாளிக்காக அப்படிக் கேட்டபோது, அந்த நிபுணர் பயிற்சி டாக்டர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "உங்கள் சங்கத்தார் இனி என் மருந்துச் சீட்டையும் திருத்துவார்களோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை தாங்க நான் தயாராக இல்லை. மாமிக்கும் நிபுணருக்கும் நடுவே வழி தெரியாமல், இரண்டு பேருக்கும் தெரியாத மூன்றாவது வழியைப் பிடித்தேன். பின்னறைக்குப் போய், பெரியவரின் போத்தலில் மட்டும் முட்டையும் கோழியும் வேண்டாம் என்று அக்காவிடம் வாயால் சொன்னேன். வார்டுக் குறிப்பேட்டில் பழைய குறிப்பு அப்படியே இருந்தது.

அக்கா மல்துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டையும் எடுத்துட்டா போத்தல்ல என்னா ஐயா இருக்கு? கஞ்சித் தண்ணிதானே. பதிலுக்கு என்னா போடணும்னு எழுதிக் குடுங்க. சீட்டு இல்லாம ஸ்தோர்ல கூடுதலாப் பால்மாவு தரமாட்டான்-லா."

"நாளைக்கு எழுதித் தர்றேன் அக்கா" என்றேன்.

போத்தல் மாறிப் போய்விடக் கூடாது என்று அக்கா கைப்பையிலிருந்து மஞ்சள் நூல் எடுத்து அதன் கழுத்தில் கட்டினார். அதைப் பார்த்த பாக்சிக் அடுப்படியிலிருந்து, "அடியாத்தி! அக்கா போத்தலுக்குத் தாலி கட்டிட்டா!" என்று தமிழிலேயே கத்தினார். அக்கா கரண்டியை ஓங்கினார். நானும் சிரித்தேன். அவர் தமிழில் சொன்னதை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலாய்க்காரர்கள் இரண்டொரு தமிழ்ச் சொல் பழகியிருப்பது எங்கள் ஊரில் புதிதில்லை.

நாளைக்கு என்றவன் நாளைக்கு எழுதவில்லை. எழுதினால் கையெழுத்து வேண்டும், கையெழுத்துக்கு நிபுணர் முன்னால் நிற்க வேண்டும். அடுத்த வாரம் அக்கா மறுபடி கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். "பருப்பாவது வேகவச்சு ஊத்துறேன் ஐயா, மனசு கேக்கல" என்று தானாகவே பருப்பு வேகவைத்தார். கெட்டியாக விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் துணியில் வடிந்த தெளிந்த நீர் மட்டுமே போனது. அதில் என்ன சத்து இருக்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான். நான் கணக்குப் போடவில்லை. எனக்கு அப்போது வேறு வேலை இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து பேராசிரியர் வரவிருந்தார்.

அவர் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் உணவுக் குறைவால் மெலிவதைப் பற்றியே வாழ்நாள் முழுதும் வேலை செய்த பெண்மணி. அவருடைய ஆஸ்பத்திரியும் எங்களுடையதும் சேர்ந்து, அக்கம்பக்கத்து நாடுகளின் உணவியலாளருக்கும் தாதியருக்கும் நான்கு வாரப் பயிற்சி நடத்துவதாக ஏற்பாடு. இங்கே பொறுப்பு எனக்கு. அது நன்றாக நடந்தால் அவருடைய துறையில் ஆறு மாதம் பணிபுரிய எனக்கு அழைப்பு வரும் என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

பயிற்சியின் இரண்டாம் வாரத்தில் பேராசிரியர் மாணவர்களோடு ஆண்கள் வார்டுக்கு வந்து பெரியவரின் கட்டிலருகே நின்றார். பெரியவர் முதுகில் படுக்கைப்புண் உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது. கன்னம் ஒட்டி, கைத்தசை தொங்கியது. பேராசிரியர் குறிப்பேட்டைப் புரட்டி, ஒரு தாளில் கணக்குப் போட்டார். "இவ்வளவு புரதம் உள்ளே போகிறது என்றால் இந்தப் புண் இப்படி இருக்காது" என்றார். பிறகு மாணவர்களைப் பார்த்து, "தாளில் இருப்பது வயிற்றில் இருக்கிறதா என்று எங்கே போய்ப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், "சமையலறையில்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நாங்கள் பன்னிரண்டு பேர் பின்னால் போனோம். அந்த நடைபாதையின் ஒவ்வொரு தூணும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒருமுறை நின்று, அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். படியைத் தாண்டிவிட்டோம்.

அக்கா போத்தல்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். பாக்சிக் அடுப்படியில் நின்றார். பேராசிரியர் நேராக மஞ்சள் நூலைத் தொட்டு, இது என்ன என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். அக்கா எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

"ஐயாதான் முட்ட, கோழி வேணாம்னாரு. பதிலுக்கு எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்காரு. மூணு தடவ கேட்டேன். வெறுந் தண்ணியாப் போவுதேன்னு பருப்புத் தண்ணி ஊத்துறேன். சொல்லுங்க ஐயா, அம்மாகிட்ட சொல்லி நல்லதா எழுதி வாங்குங்க."

தமிழ் தெரியாத பன்னிரண்டு முகங்கள் என் வாயைப் பார்த்தன. நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இந்த நோயாளி சைவர் என்று அவர் குடும்பத்தார் இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இவரும் பக்தியுள்ளவர். அதனால் யாரிடமும் கேட்காமல் முட்டையையும் கோழியையும் எடுத்துவிட்டார். அதை அடையாளம் வைக்கத்தான் இந்த நூல்."

சொல்லி முடிக்கும்வரை என் குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம். அக்கா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், நான் அவர் சொன்னதைச் சொல்லுகிறேன் என்ற நம்பிக்கையில். பேராசிரியர் கோபப்படவில்லை. பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு படம் வேண்டும், போத்தலைப் பிடிக்கச் சொல்லுங்கள் என்று கேமராவை எடுத்தார். "பிடிங்க அக்கா" என்றேன். "மொகமும் விழுமா ஐயா?" என்று கேட்டபடி அவர் மற்றக் கையால் முடியைத் தடவிச் சரிசெய்துகொண்டார்.

பிறகு பேராசிரியர் அங்கேயே மேசையில் உட்கார்ந்து, கொழுப்பு நீக்கிய பால்மாவை வைத்து ஒரு சைவக் குறிப்பு எழுதினார். பத்து நிமிடம் ஆனது. நிபுணர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். குடும்பத்தின் விருப்பத்தை மதிப்பதில் தவறே இல்லை, அதை எழுத வேண்டும், அவ்வளவுதான் என்று பேராசிரியர் மாணவர்களுக்குச் சொன்னார். ஐந்து வாரம் நான் பயந்தது அந்தப் பத்து நிமிடத்துக்கு.

மறுநாள் பத்து மணிக்குப் பின்னறைக்குப் போனேன். பாக்சிக் எனக்குத் தேநீர் ஆற்றவில்லை. அக்கா வெளியே போன சமயம் பார்த்து, மலாயில் ஐயா என்று விளித்துச் சொன்னார்: "என்சிக், நான் நிபோங் திபால் எஸ்டேட்டுல தமிழ்ப் பிள்ளைங்களோட வளந்த ஆளு. தமிழு எனக்கு நல்லா வெளங்கும். இங்கிலீசும் கொஞ்சம் வெளங்கும்-லா." நான் வாய் திறந்தேன். அவர் கையை உயர்த்தி, "நான் சொல்லமாட்டேன். அக்காவுக்கு நீங்கதான் சொல்லணும்" என்றார். ஓய்வு பெறும்வரை அவர் எனக்குத் தேநீர் ஆற்றவேயில்லை.

நிர்வாகத்திலிருந்து அக்காவுக்கு மலாயில் கடிதம் வந்தது. அனுமதியின்றி நோயாளியின் உணவை மாற்றிய காரணத்தால் சமையலறையிலிருந்து நீக்கி, அக்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். அவருக்கு ஃபெரி அலைச்சல் மிச்சம், வீடு பக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசி நாள் அவர் என் அறைக்கு வந்தார். அவர் நினைத்துக்கொண்டிருந்தது இது: நான் அவருக்காகப் பேசினேன், வெள்ளைக்காரம்மாதான் கேட்கவில்லை.

"நீங்க என்னா செய்வீங்க ஐயா, பெரிய ஆளுங்க முடிவு பண்ணிட்டா. எனக்கு ஒண்ணு மட்டும் செஞ்சு குடுங்க. நீங்க சொல்லித்தான் எடுத்தேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. எங்க பக்கத்துல ஒரு மாதிரியாப் பேசுறாங்க. கோயில்ல கூட ஒருத்தி, 'சைவம் சைவம்னு ஒரு மனுசனப் பட்டினி போட்டவ'ங்கிறா. காமிச்சா வாய மூடுவாங்க."

"எழுதித் தர்றேன் அக்கா" என்றேன். பெரியவரின் புண் ஓரங்களில் அப்போது ஆறத் தொடங்கியிருந்தது. ஆனால் தீபாவளிக்கு முன் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். அந்த ஐந்து வாரம்தான் அவரைக் கொன்றது என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை அவரைச் சைவமாய் வைத்திருந்ததற்கு நன்றி சொன்னார். அடுத்த மாதம் எனக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து அழைப்பு வந்தது.

அங்கே போன முதல் வாரத்திலேயே பேராசிரியர் தன் விரிவுரையில் அந்த ஸ்லைடைக் காட்டினார். பாதியில் நிறுத்தி, "நீங்கள் அங்கே இருந்தவர், நீங்களே சொல்லுங்கள்" என்று என்னை மேடைக்கு அழைத்தார். சொன்னேன். அடுத்த மாதம் இன்னொரு ஊரில் சொன்னேன். அவர் எழுதிய பயிற்சிக் கையேட்டில் அது ஒரு பக்கமானது. நான் ஊர் திரும்பும்போது ஸ்லைடின் ஒரு பிரதியை எனக்குக் கொடுத்தார். பிறகு பாங்காக், மணிலா, கொழும்பு என்று எங்கே கூட்டுப் பயிற்சி நடந்தாலும் மஞ்சள் நூலைப் பற்றிப் பேச என்னைத்தான் கூப்பிட்டார்கள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று எனக்குப் பழகிவிட்டது. பாக்சிக்கின் வேடிக்கையையும் எடுத்துக்கொண்டேன். எங்கள் வழக்கத்தில் மஞ்சள் கயிறு கல்யாணத்துக்குக் கட்டுவது, எங்கள் ஊழியர் போத்தலைத் தன் மதத்துக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார் என்பேன். ஒவ்வோர் ஊரிலும் சிரித்தார்கள். ஒவ்வொரு முறை மேடையிலிருந்து இறங்கும்போதும் இதுதான் கடைசி என்று நினைப்பேன். ஆனால் உண்மையைச் சொன்னால் என் பதவி மட்டும் போகாது. எனக்குக் கெடுதல் எதுவும் செய்யாத பேராசிரியரின் கையேடும் பொய்யாகும். நாட்கள் போகப் போக, அவரைக் காப்பாற்றவே சும்மா இருக்கிறேன் என்றுகூட நம்பத் தொடங்கினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கூட்டுப் பயிற்சி மறுபடி ஜார்ஜ் டவுனுக்கு வந்தது. பேராசிரியருக்கு அது ஓய்வுக்கு முந்தைய கடைசிப் பயணம். இந்த முறை சமையலறை ஊழியர்களும் கட்டாயம் மண்டபத்தில் உட்கார வேண்டும் என்றார். மஞ்சள் நூல் தனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான் என்றார். விளக்கை அணைத்தார்கள். ஸ்லைடு விழுந்தது. நான் வழக்கம்போலப் பேசினேன், வழக்கமான இடத்தில் சிரிப்பு வந்தது. விளக்கு எரிந்தபோது மூன்றாம் வரிசையில், சீருடையில், முடி முழுதும் நரைத்து, அக்கா உட்கார்ந்திருந்தார்.

தப்பிக்க நேரமில்லை. நேராக மேடைக்கே வந்துவிட்டார்.

"ஐயா! அது என் கைதானே? போத்தலப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு. பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட, என் கை-லா அதுன்னு சொல்றேன், நம்பவே மாட்டேங்குது. அக்கர ஆஸ்பத்திரியிலயே மறுபடி கிச்சன்ல சேத்துட்டாங்க ஐயா, மூணு வருசமாச்சு. சனிக்கெழம கூட்டத்துக்கு யாரும் வரமாட்டேன்னுட்டாங்க, என்னய அனுப்பிட்டாங்க. இத்தன வருசமா என் போத்தல வச்சிருக்கீங்களே!" பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் சிரிச்சாங்களே. நல்லதாத்தானே சொன்னீங்க?" என்று கேட்டார்.

"நல்லதாத்தான் சொன்னேன், அக்கா."

பேராசிரியர் பக்கத்தில் வந்து, இவர் யார் என்றார். பழைய சமையலறை ஊழியர் என்றேன். அவர் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இந்த ஊர்ச் சமையலறையில் நடந்த ஒன்றால்தான் இன்று பல நாடுகளில் சமையலறை ஊழியர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம் என்று இவரிடம் சொல்லுங்கள்" என்றார். அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அக்காவின் கண்கள் கலங்கின.

"அம்மாகிட்ட ஒண்ணு கேளுங்க ஐயா. ரொம்ப நாளா மனசுல கெடக்குது. மொதல்லயே எழுதிக் குடுத்திருந்தா, அந்தப் பெரியவருக்குப் புண்ணு ஆறியிருக்குமா? நான் இன்னும் ரெண்டு தடவ உங்கள நச்சரிச்சிருக்கணும். விட்டுட்டேன்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவே என் வாய் மட்டும்தான் இருந்தது. "நன்றி என்கிறார்" என்றேன். பேராசிரியர் சிரித்து அக்காவின் தோளைத் தட்டினார். அக்கா அதைத் தன் கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொண்டு, சரி என்று தலையசைத்துப் போய்விட்டார். எந்தப் பதிலாக எடுத்துக்கொண்டாரோ, எனக்குத் தெரியாது.

பேராசிரியர் இப்போது இல்லை. பாக்சிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா சிம்பாங் அம்பாட்டில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பாலம் வழியாகக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அந்த ஊர் நாற்சந்திச் சமிக்ஞை விளக்கில் காத்திருந்து, பச்சை விழுந்ததும் வந்த வழியே திரும்பினேன்.

அவர் கேட்டது ஒரு வரி. அதை இங்கே எழுதுகிறேன். முட்டையையும் கோழியையும் எடுக்கச் சொன்னவன் நான். பதிலுக்கு என்ன போடுவது என்று அக்கா மூன்று முறை கேட்டும் எழுதித் தராதவன் நான். அக்கா சொன்னதை மாற்றிச் சொன்னவனும் நான். அக்காவின் கேள்விக்கும் பதில் எழுதுகிறேன்: முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தால் புண் பெரும்பாலும் ஆறியிருக்கும். இன்னும் இரண்டு முறை கேட்டிருந்தாலும் நான் எழுதித் தந்திருக்கமாட்டேன். ஒரு வரிக்கு மேலாகிவிட்டது.

இதன் பிரதியை ஓர் உறையில் வைத்து, மகள் வீட்டு விலாசம் எழுதிவிட்டேன். ஸ்லைடும் அவருக்குச் சேர வேண்டியது. உள்ளே போடுமுன் ஒருமுறை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். போத்தல், மஞ்சள் நூல், நான்கு விரல்கள். இடது ஓரத்தில் அந்த வெள்ளை. ஒரு பயிற்சியில் மாணவி ஒருத்தி அது என்ன என்று கேட்டாள். வெளிச்சக் கோளாறு என்று சொல்லியிருக்கிறேன். அது என் மேலங்கியின் கை. படம் எடுத்தபோது அவ்வளவு பக்கத்தில் நின்றிருக்கிறேன்.